சத்தம் போடாத பிரேக்

அந்தத் தெருவில் ஒரு கதவு கிறீச்சிட்டால், ஒரு ஜன்னல் இறுக்கிக்கொண்டால், ஒரு ஜிப் பாதியில் நின்று மானத்தை வாங்கினால், எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது மெழுகக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மெழுகக்கா. "அக்கா, எங்க வீட்டு ஜன்னல் மாட்டிக்கிச்சு, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று ஒரு குரல் வந்தால் போதும், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். சிலர் பையில் சீப்பு இருக்கும், சிலர் பையில் மாத்திரை இருக்கும். இவள் பையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தித் துண்டு.

முப்பத்து மூன்று வருஷமாக மெழுகுவத்தி ஃபேக்டரியில் வேலை. பத்தொன்பது வயதில் சேர்ந்தபோது திரி வெட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள். பிறகு பொட்டலம் கட்டும் இடம். இப்போது அச்சு மெஷினுக்கே அவள்தான் பொறுப்பு. வரிசை வரிசையாகக் குழாய்கள், அவற்றைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர், மேலே தொட்டியில் உருகின மெழுகு. ஊற்றி, ஆற விட்டு, கைப்பிடியைச் சுற்றினால் இருநூறு மெழுகுவத்தி ஒரே சமயத்தில் தலையை நீட்டும். மெழுகு சரியான சூட்டில் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டியில் தெர்மாமீட்டர் தொங்குகிறது. அவள் அதைப் பார்ப்பதே இல்லை. தொட்டிமேல் உள்ளங்கையைக் காட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு டிகிரி இறங்கணும்" என்பாள். சூப்பர்வைசர் சந்தேகப்பட்டுக் குனிந்து பார்ப்பார். சரியாக ரெண்டு டிகிரி கூடத்தான் இருக்கும். மனுஷன் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிடுவார்.

உடைந்த மெழுகுவத்திகளை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மற்றவர்கள் கரண்ட் போனால் ஏற்றி வைப்பார்கள். நம்ம ஆள் அப்படிச் சும்மா எரித்துத் தீர்க்கிற ரகமில்லை. டிராயரின் அடிக்கட்டைக்கு மெழுகு. ரம்பப் பல்லுக்கு மெழுகு. நுனி பிரிந்த ஷூ கயிற்றை உருகின மெழுகில் முக்கி எடுத்தால் ஊசி மாதிரி ஓட்டைக்குள் போகும். மழைக்காலத்துக்கு முன்னால் தீக்குச்சித் தலைகளை ஒவ்வொன்றாக முக்கிக் காய வைப்பாள். பார்சலில் முகவரி எழுதினால் மேலே மெழுகைத் தேய்ப்பாள், மழையில் மை கரையாது. ஜாம் போட்டால் பாட்டில் வாயில் ஒரு விரல் கனத்துக்கு மெழுகை ஊற்றி மூடுவாள். அந்த வீட்டில் ஜாம் சாப்பிடுவதற்கு முன்னால் கத்தியால் தோண்ட வேண்டும். "இது என்ன பாட்டிலா, புதையலா?" என்று அவள் புருஷன் அலுத்துக்கொள்வார்.

புருஷன் தையல்காரர். கல்யாணமே மெழுகால் நடந்ததுதான். இருபத்திரண்டு வயதில் ஒரு பாவாடை தைக்கக் கொடுக்கப் போனாள். அவர் அளவு எழுத நோட்டை எடுக்க டிராயரை இழுக்கிறார், வரவில்லை. காலை மேஜையில் முட்டுக்கொடுத்து இழுக்கிறார், அப்போதும் வரவில்லை. முகம் சிவந்துபோய், "நாளைக்கு வாங்களேன்" என்றார். அவள் மேஜைக்கு அடியில் குனிந்து, பையிலிருந்து துண்டை எடுத்து இரண்டு பக்கமும் நாலு தேய் தேய்த்தாள். டிராயர் ஒரு விரலுக்கு வந்தது. பாவாடை தைத்து முடிவதற்குள் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் அடியைத் துணியில் சுற்றின மெழுகால் சூட்டோடு துடைத்தால் எப்படி வழுக்கும் என்று அவள் காட்டிக் கொடுத்தது கல்யாணத்துக்கு அப்புறம்.

இப்படி முப்பது வருஷம் எந்தக் கெடுதலும் செய்யாத மெழுகு, ஒரே ஒரு காலை வேளையில் அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அவர்கள் வீடு மேட்டில். தையல் கடை கீழே, மெயின் ரோட்டில். தினமும் காலையில் அவர் சைக்கிளில் சரிவில் இறங்குவார். சாயங்காலம் தள்ளிக்கொண்டு ஏறுவார். சரிவு முடிகிற இடத்தில் சைக்கிள் கடை. கடைக்காரர் அவருடைய இருபத்தைந்து வருஷச் சிநேகிதர். இவளைத் தங்கச்சி என்பார், அதனால் தையல்காரர் அவருக்கு மச்சான். அந்த வாரம் சைக்கிள் கடைக்காரர் மச்சானின் பிரேக்குக்கு முன்னும் பின்னும் புதுக் கட்டை போட்டுக் கொடுத்தார். புதுக் கட்டை என்ன செய்யும்? கத்தும். சரிவில் அவர் பிரேக் பிடித்தால் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. "யாரையோ கொல்றாங்கன்னு ஓடி வந்தேன், நீங்கதானா?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "ரெண்டு மூணு நாள் தேயட்டும் மச்சான், தானா நின்னுடும்" என்றார் கடைக்காரர்.

மெழுகக்காவுக்கு இரண்டு மூன்று நாள் பொறுக்கவில்லை. ஒரு சாமான் கத்துகிறது, கையில் மெழுகு இருக்கிறது, சும்மா இருக்க முடியுமா? மூன்றாம் நாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நாலு கட்டைக்கும் தேய்த்தாள். அதோடு விட்டாளா? எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இரண்டு ரிம்முக்கும் பளபளவென்று பூசினாள். பிரேக் என்பது கவ்விப் பிடிக்க வேண்டிய சாமான், வழுக்கினால் ஆபத்து என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வாழ்நாளில் அவள் சைக்கிள் ஓட்டினவள் இல்லை. இறுக்கிக்கொண்டு கத்துகிற எதுவும் அவளுக்கு டிராயர்தான்.

அவர் வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கை லேசாக அமுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. "பாத்தியா, உன் அண்ணன் சொன்ன மாதிரியே நின்னுடுச்சு" என்றார். நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சாயங்காலம் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சரிவில் பாதி இறங்கினதும் அவர் பிரேக்கைப் பிடித்தார். கைப்பிடி முழுசாக அமுங்கியது. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி வளைவில் நின்றிருந்த ஒரு தள்ளுவண்டியின் மேல் போய் மோதினார். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டும் இரண்டு விரலும் முறிந்தன. கத்தரி பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரியில் அவள் போய் நின்றபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "பாவி, பிரேக்கே போடல. என்னத்த மாட்டினான்னே தெரியல." எந்தப் பாவி என்று அவளுக்கல்லவா தெரியும்! சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போனாள். அதற்குள் நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள்.

சைக்கிள் கடைக்காரர்தான் நசுங்கின சைக்கிளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர். மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தையல்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மச்சான், எப்படி இருக்கு?"

"நீ போட்ட பிரேக் எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கு. போயிடு. என் மூஞ்சியில முழிக்காதே."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற இவளை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பழப் பையைக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, நிமிர்த்திச் சரி செய்த சைக்கிள் அவர்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. கொண்டுவந்து வைத்தவர் கதவைத் தட்டவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையில் மாவுக்கட்டோடு இருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது, கட்டு பிரிக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்தது கை இல்லை, ஒரு மரக்கட்டை. விரல்கள் விறைத்து நின்றன. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்தரி பிடிக்க முடியாதுன்னா நான் என்னத்துக்கு ஆவேன்?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அப்போதும் சொல்ல முடியவில்லை. விரல் மடங்கட்டும் என்று மறுபடி தள்ளிப்போட்டாள். இப்படித் தள்ளித் தள்ளியே நாலு மாதம் ஓடிவிட்டது.

அவர் பேசாமலாவது இருந்தாரா? பூட்டின கடைக்குப் பதில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் கையைத் தூக்கிக் காட்டினார். "பிரேக் மாட்டத் தெரியாதவன்கிட்ட வண்டியைக் குடுத்தேன், பாருங்க நிலைமையை." தெருக்காரர்கள் பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள். பிள்ளைகளின் சைக்கிளை வேறு கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இவள் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் சைக்கிள் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். கடைக்காரர் வெறும் ஸ்டூலில் உட்கார்ந்து காற்றடிக்கும் பம்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். "கை எப்படி இருக்கு தங்கச்சி?" என்று மட்டும் கேட்பார். "பரவாயில்ல அண்ணே" என்று தலையைக் குனிந்தபடி நடையைக் கட்டுவாள். ராட்சசி, ராட்சசி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மேடு ஏறுவாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு தொட்டியைத் திறந்தபோது மெழுகக்கா திகைத்துப் போனாள். உள்ளே உருகின மெழுகு! விறைத்த கையை அதில் முக்கி எடுத்து, மறுபடி முக்கி, ஏழெட்டு முறை செய்ததும் கை வெள்ளைக் கையுறை போட்ட மாதிரி ஆனது. பிளாஸ்டிக் தாளும் துண்டும் சுற்றி இருபது நிமிஷம் அசையாமல் வைத்தாள் அந்தப் பெண். பிறகு உரித்துவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் விரல்களை மடக்கினாள். மரக்கட்டை கொஞ்சம் இளகினது.

"இதை நான் வீட்டுலயே தினமும் செய்யலாமா?"

"மெழுகுவத்தியை உருக்கி முக்கிடாதீங்க, வெந்துடும். இது சீக்கிரமே உருகுற மெழுகு, எண்ணெய் கலந்தது. சூடு ஐம்பத்திரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாது."

"டிகிரியை என்கிட்ட விடும்மா" என்றாள் மெழுகக்கா. அந்தப் பெண் விடவில்லை. தெர்மாமீட்டர் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, எந்த எண்ணெய், எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தாள்.

ஃபேக்டரியில் கேட்டு அந்த மென்மையான மெழுகை வாங்கி வந்தாள். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினாள். நேரடித் தீயில் மெழுகு வைத்தால் பற்றிக்கொள்ளும், அது அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தாள். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். அதற்கப்புறமும் தன் கையை முதலில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையை முக்க விட்டாள். தினமும் சாயங்காலம் இதுதான் வேலை. முதலில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. பிறகு நடுவிரல் பாதி மடங்கியது. பேனா பிடித்தார். ஸ்பூன் பிடித்தார். கத்தரி மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்காரி வேலியோரம் நின்று சேதி சொன்னாள். "தெரியுமா அக்கா, சைக்கிள் கடையைக் காலி பண்றாராம். நாளைக்குப் போர்டைக் கழட்டுறாராம். தம்பி ஊருக்கே போறாராம். பாவம், யாருமே போறதில்ல இல்ல?"

மெழுகக்கா உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். மெழுகு உருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போர்டு இறங்கிவிட்டால் அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? இன்றைக்கு விட்டால் சாகும்வரை இது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கும்.

வழக்கம்போல அவர் கையை எட்டு முறை முக்கி, பிளாஸ்டிக் சுற்றி, துண்டைச் சுற்றி, தலையணைமேல் வைத்தாள். இருபது நிமிஷம் அவர் எங்கேயும் எழுந்து போக முடியாது. எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். திட்டணும்னா திட்டுங்க, கையை மட்டும் ஆட்டாதீங்க."

"என்னடி பீடிகை எல்லாம் பலமா இருக்கு?"

"அன்னைக்குப் பிரேக் சத்தம் தானா நிக்கல. நான்தான் மெழுகு தேச்சேன். கட்டைக்கும் தேச்சேன், ரிம்முக்கும் தேச்சேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணினது."

அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலு மாசமா?"

"நாலு மாசமா."

"நான் ஊர் பூரா அவனைத் தூற்றினேனே! ஒரு நாளாவது வாயைத் திறந்தியாடி நீ?"

"திறக்கல. பயம். கை போச்சேன்னு நீங்க அழுதப்ப என்னால முடியல. என்ன மன்னிப்பு கேட்டாலும் பத்தாது, தெரியும்."

"பேசாதே. ஒரு வார்த்தை பேசாதே."

அவர் அவளைப் பார்க்காமல் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் மூச்சு வாங்கியது. எழுந்து போக முடியாத கோபம். இருபது நிமிஷம் ஆனதும் அவளே துண்டைப் பிரித்து மெழுகை உரித்தாள். கை வெளியே வந்ததுதான் தாமதம், அவர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "எவ்வளவு பெரிய பாவத்தைப் பண்ண வச்சுட்டே!"

பாத்திரங்கள் எகிறின. இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். அவர் கை மூடியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற விரல்கள் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவர் மெதுவாகத் திறந்தார், மறுபடி மூடினார். மூடியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுது என்ன ஆகப்போகுது?" என்றார். குரல் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. "காலையில சீக்கிரம் எழுப்பு. போர்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி போகணும்."

சீக்கிரம்தான் போனார்கள். அதற்குள் போர்டு இறங்கிச் சுவரில் சாய்ந்திருந்தது. நாலு துருப்பிடித்த ஸ்க்ரூ ஸ்டூல்மேல் கிடந்தன. கடைக்காரர் டயர்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஜோடியாக வந்து நிற்பதைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

நாலு மாதம் அவ்வளவு பேசின தையல்காரர் இப்போது கடைப்படியிலேயே தங்கிவிட்டார். மெழுகக்காதான் முன்னால் போனாள். "அண்ணே, அந்தப் பிரேக்..." என்று ஆரம்பித்தாள்.

"மெழுகு" என்றார் கடைக்காரர்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியும் தங்கச்சி. வண்டியைத் தூக்கிட்டு வந்து கட்டையைச் சுரண்டினேன், வெள்ளையா உதிர்ந்துச்சு. பிரேக் கட்டைக்கு மெழுகு தடவுற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?" என்று கத்தினார் தையல்காரர். "நான் உன்னை அவ்வளவு பேசினேனே, மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவ கஞ்சிக் கிண்ணத்தோட நின்னா. உனக்குக் கை இல்ல. ஊட்டுறது அவ. அவகூடவும் நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா உனக்கு யாருடா ஊட்டுவா? என்கிட்ட சண்டை போட்டா நீ பட்டினி கிடக்க மாட்டே."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கடைக்காரர் அவரைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. டயரில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்ப் போர்டை இடது கையால் தூக்கினார். "பிடிடா இந்தப் பக்கம்" என்றார். கடைக்காரர் தயங்கினார். "தம்பிகிட்ட வரேன்னு சொல்லிட்டேனே." "வரலன்னு சொல்லு. இந்தத் தெருவுல வீடு வீடா ஏறி நானே சொல்றேன், தப்பு எங்க வீட்டோடதுன்னு. ஒரு வீடு விடமாட்டேன். பிடி."

இரண்டு பேரும் போர்டைத் தூக்கிப் பிடித்தார்கள். ஸ்க்ரூவோ துருவேறி, ஓட்டைக்குள் போக மாட்டேன் என்றது. மெழுகக்காவின் கை தானாகப் பைக்குள் போனது. பாதியில் நின்றது. எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு ஆண்களையும் பார்த்தாள்.

"ஸ்க்ரூவுக்குத் தாராளமாப் போடு தங்கச்சி" என்றார் கடைக்காரர். "பிரேக் பக்கம் மட்டும் போயிடாதே."

அவள் நாலு ஸ்க்ரூவையும் மெழுகுத் துண்டில் உருட்டிக் கொடுத்தாள். மூன்றைக் கடைக்காரர் முடுக்கினார். நாலாவதுக்குத் தையல்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கி, வலது கையால் பிடித்து, நிறுத்தி நிறுத்தி அவரே முடுக்கினார்.